மாடியில் ஏறிய இரும்புத் தொட்டி

செம்மேட்டில் அண்ணாமலையின் நூறு வருடத்து வீட்டில் இருசாயி வேலை செய்தாள். கீழே ஓர் அறையில் அவளும் கணவன் முத்தனும் குடியிருந்தார்கள். 1938-இல், சாமை கொட்டி வைத்திருந்த மாடியை, சேலத்து டாக்டர் ஒருவருக்கு வாடகைக்கு விட அண்ணாமலை புதுமாதிரியாக மாற்றிக் கட்டினார். குளியலறைக்கென்று வாங்கிய பெரிய இரும்புத் தொட்டியை இருசாயியின் அறைக்கு நேர் மேலே வைத்தார்கள்.

“ஏனுங்க, உத்தரம் தாங்குமுங்களா?” என்று கேட்டாள்.

“உன்ற பயத்துக்கு அளவே இல்ல. நாளைக்குத் தண்ணி ரொப்பி வெய்யி” என்றார் அண்ணாமலை.

மறுநாள் சந்தை. வீட்டில் வேறு யாரும் இல்லை. முத்தன் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தான். இருசாயி குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். தொட்டி முக்கால்வாசி நிறைந்தபோது கீழே ஏதோ முறியும் சத்தம் கேட்டது. இறங்கி ஓடிப் பார்த்தாள். உத்தரம் வளைந்து, முத்தனின் மார்பில் காரை உதிர்ந்துகொண்டிருந்தது.

“எந்திரிங்க!” என்று கத்தி இழுத்தாள். அவன் அசையவில்லை.

திரும்ப மாடிக்கு ஏறினாள். தரை தொட்டிப் பக்கம் சரிந்திருந்தது. தவழ்ந்து போய்த் தண்ணீருக்குள் கைவிட்டு வெளியே போகும் வடிகுழாயின் அடைப்பைப் பிடுங்கினாள். கடைசிச் சொட்டு வடியும் வரை கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே கிடந்தாள்.

சாயங்காலம் அண்ணாமலை வந்து உத்தரத்தைப் பார்த்தார். அந்த வாரமே தொட்டி கொல்லைக்கு வந்தது. டாக்டர் அங்கேதான் குளித்தார்.

“எப்படித் தைரியம் வந்துச்சு?” என்று பிழைத்தெழுந்த முத்தன் கேட்டான்.

“தைரியமெல்லாம் இல்லீங்க. நிக்கக் காலே வரல, அதான் தவழ்ந்து போனேன்.”