மாமாவுக்குக் கறுப்பாக, மச்சானுக்கு வெளுப்பாக

என் மச்சான், அதாவது அக்காவின் கணவர், பினாங்கிலிருந்து எனக்கு ஒரு கேமரா அனுப்பினார். ஊர் திரும்பிய ஒருவர் அதைக் கைலியில் சுற்றிக் கொண்டுவந்து, கடலூர் முதுநகரில் நான் வேலை பார்த்த இரும்புக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். அறுபதுகளின் நடுவில் எங்கள் தெருவில் கேமரா வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் தகுதி போதாதா? அன்று மாலையே நான் கலைஞன் ஆகிவிட்டேன்.

கேமராவோடு மடித்த தாள் ஒன்று இருந்தது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும் என்பதுதான் அதன் முதல் வரி. எனக்கு இங்கிலீஷ் தெரியும். படித்தேன், புரிந்தது, மடித்து உள்ளே வைத்துவிட்டேன். மறுநாள் விடியற்காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய், உதிக்கிற சூரியனை நேருக்கு நேராக நின்று எடுத்தேன். இயற்கைக் காட்சி என்றால் அதில் சூரியன் இருந்தாக வேண்டும் என்று காலண்டர்களைப் பார்த்துக் கற்றிருந்தேன். அதை முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு வேறு எதைத்தான் எடுப்பதாம்?

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்டூடியோவில் பிலிமைக் கழுவக் கொடுத்தேன். முதலாளி படங்களை மேசையில் வரிசையாகப் பரப்பினார். எல்லாவற்றிலும் மேல் பாதி வெள்ளை, கீழ்ப் பாதி கறுப்பு. கட்டுமரமும் வலையும் மணலும் அந்தக் கறுப்புக்குள் எங்கேயோ இருந்தன.

"எத எடுத்தீங்க தம்பி?"

"கடலை."

"ரோட்டுக்குத் தார் ஊத்துனாப்புல இருக்குது."

ஆனாலும் அவரிடம் இதற்கு வைத்தியம் இருந்தது. உலகத்தில் எந்தக் கோளாறையும் தூரிகையால் தீர்த்துவிடலாம் என்று நம்பிய மனிதர் அவர். வெளுத்த வானத்தில் இரண்டு மேகங்களைத் தீட்டினார். பரவிக் கிடந்த சூரியனைச் சுற்றிலும் சாயம் தடவி ஒழுங்கான வட்டமாக்கினார். முடிவில் என் கைக்கு வந்த படத்தில் முழு நிலா காய்ந்துகொண்டிருந்தது. விடிகாலையை எடுத்தவனிடம் நடுராத்திரியைக் கொடுத்து, "இப்ப பாருங்க, எவ்ளோ களையா இருக்குது" என்றார்.

மச்சான் கேமரா அனுப்பியது நிலா பார்ப்பதற்காக அல்ல. கல்யாணமான சில மாதங்களில் அவர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது அக்காவின் வயிற்றில் பிள்ளை. அந்தப் பெண் பிள்ளைக்கு இப்போது ஐந்து வயது. அவர் அவளைப் பார்த்ததே இல்லை. அவருடைய கடை முதலாளி அடுத்த வருடம் லீவு தருவதாக வருடம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா தன் கடிதங்களில், "மூக்கு உங்க மூக்கு, நெத்தி மாமியோட நெத்தி, நெறம் என் நெறம்" என்று எழுதுவாள். "இந்த மூணையும் வச்சி நான் எப்படி ஒரு புள்ளயக் கூட்டிச் சேக்கறது?" என்று மச்சான் கேட்டு எழுதினார். அதற்கப்புறம்தான் கேமரா வந்தது.

வந்து என்ன? நடுவில் மாமா இருந்தார். அக்கா சிதம்பரத்தில் மாமனார் வீட்டில் இருந்தாள். அவரைத்தான் நான் மாமா என்பேன். ஐந்து வேளையும் தொழுகிறவர், கை நிறையக் கொடுக்கிறவர், உயிருள்ளதைப் படம் பிடிக்கக் கூடாது என்பதில் இம்மியும் அசையாதவர். பாஸ்போர்ட்டுக்கு முகம் கேட்டது சர்க்கார். அது நிர்ப்பந்தம், ஆகவே போனால் போகிறது. அப்படி எடுத்த மச்சானின் ஒரே படமும் பாஸ்போர்ட்டில் ஒட்டிக்கொண்டு அவரோடே கப்பல் ஏறிவிட்டது.

மாமா என்னைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "வயல எடு. ஆத்த எடு. மரம் மட்டைய எடு. மனுசர எடுக்காத. பொறந்த மண்ணப் பாத்தா அவனுக்கு மனசு ஆறிடும்."

பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் தவிக்கிறவனுக்கு வாய்க்கால் படம். மாமாவிடம் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் கிடையாது. சரி மாமா என்றேன். இப்படித்தான் நான் இயற்கைக் காட்சி நிபுணன் ஆனேன். இயற்கையின் மேல் எனக்குத் தனிப்பட்ட பிரியம் எதுவும் இருந்ததில்லை.

எங்கள் கடைக்கு வெள்ளிக்கிழமை லீவு. காலையில் ரயிலேறிச் சிதம்பரம் போய், ஜும்மா தொழுகை முடிந்து சாப்பிட்டு, மாமாவோடு பஸ்ஸில் குமராட்சிக்குப் போவேன். அவர்களுடைய வயல் அங்கே கொள்ளிடத்துப் பக்கம் இருந்தது. சாலை கிழக்கே, வயல் மேற்கே. அசர் என்கிற மாலைத் தொழுகை முடிந்த பிறகுதான் மாமா கிளம்புவார். ஆக, நாங்கள் போய் நிற்கிற நேரத்தில் சூரியன் வயலுக்கு மேலே உட்கார்ந்து என் கேமராவுக்குள் எட்டிப் பார்க்கும். "காலையில வந்தா நல்லா விழும் மாமா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "சூரியனுக்குத் தக்கன நாம போவ முடியுமா? அது வர்றப்ப வரும்" என்றார்.

ஸ்டூடியோக்காரரின் மேகங்களை நம்பிப் பயனில்லை என்று தெரிந்ததும் நானே சரிசெய்யப் பழகினேன். பழகினேன் என்பது பெரிய வார்த்தை. பிலிமைப் பாழாக்கிப் பாழாக்கி, எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்துகொண்டேன். வானத்துக்குத் தகுந்தபடி வைத்தால் தரை கரியாகும். தரைக்குத் தகுந்தபடி வைத்தால் வானம் சலவைக்குப் போட்ட வேட்டியாகும். இரண்டும் ஒன்றாக வருவது காலண்டரில் மட்டும்தான். சூரியனை ஒரு பனைமரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்து எடுத்தேன். மாமாவின் குடையை வாங்கி லென்ஸுக்கு மேலே பிடித்தேன். மேகம் வரும்வரை வரப்பில் குந்திக் காத்திருந்தேன். அந்த வழியாகப் போனவர்கள் நான் நிலத்தை அளக்க வந்த சர்க்கார் ஆள் என்று பயந்து விலகிப் போனார்கள்.

மீதியை இருட்டறையில் செய்தேன். என் தொல்லை தாங்காமல் ஸ்டூடியோக்காரர் கடை ஓய்ந்த நேரத்தில் தன் இருட்டறையை எனக்கு விட்டுக் கொடுத்திருந்தார். காகிதத்தின் மேல் நெகட்டிவின் வெளிச்சம் விழும்போது, கறுத்துவிடப் போகிற தரைப் பகுதியை ஓர் அட்டையால் கொஞ்ச நேரம் மறைத்து, வானத்துக்கு மட்டும் வெளிச்சத்தை அதிகமாகக் காட்ட வேண்டும். அப்போதுதான் தரை தெளியும், வானத்துக்கும் கொஞ்சம் உடம்பு வரும். அட்டையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அசைக்காமல் பிடித்தால் நடுவில் கோடு விழுந்து, மேலே ஒரு தேசம் கீழே ஒரு தேசம் என்று ஆகிவிடும். என் முதல் படங்களில் எல்லாம் எல்லைக்கோடு இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அக்காவும் பிள்ளையோடு எங்களுடன் வயலுக்கு வந்தாள். பெண்கள் வெளியே கிளம்பினால் போட்டுக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தியிருந்தாள். நான் பனைமரத்தைக் குறி வைத்துப் பொத்தானை அழுத்துகிற சமயம், பிள்ளை ஓடிவந்து மரத்தடியில் நின்றுவிட்டது. படத்தைக் கழுவிப் பார்த்தபோது மரத்தடியில் ஒரு குட்டிக் கறுப்பு. கை, கால், பின்னல் எல்லாம் தெரிந்தன, முகம் மட்டும் இல்லை. அடுத்த வாரம் பயந்துகொண்டேதான் மாமாவிடம் காட்டினேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"இது யாரு?"

"தெரியல மாமா. நெழலு மாதிரி இருக்கு."

"மூஞ்சி இல்லல்ல?"

"இல்ல மாமா."

"அப்ப குத்தமில்ல. அனுப்பு."

அக்கா சமையல்கட்டின் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, இந்தக் கறுப்புக்குள்ள அவ மூஞ்சி இருக்குதா?"

"இருக்கலாம் லாத்தா."

"இருந்தா எடுத்துக் குடுடா. அவுரு ஒரு தரமாச்சும் பாக்கணும்டா."

கடலூருக்குத் திரும்பிவந்து அந்த நெகட்டிவோடு மல்லுக்கட்டினேன். கறுப்பை இளக்கிக் காட்டும் காகிதத்தில் போட்டேன், அட்டையால் மறைத்து மறைத்துப் போட்டேன். கறுப்பு சாம்பலானதே தவிர முகம் வரவில்லை. பிலிமில் பதியாததை எந்த அட்டையும் கொண்டுவராது என்பது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. ஆனால் அந்தச் சாம்பலில் ஒரு பக்கத்துக் கன்னம் மட்டும் லேசாகத் துலங்கியது. ஏன் அந்தக் கன்னம் மட்டும்? அந்தப் பக்கம்தான் அக்கா நின்றிருந்தாள். அவள் துப்பட்டியில் பட்ட வெயில் திரும்பிப் பிள்ளையின் மேல் விழுந்திருந்தது.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. உலகத்தில் யாரும் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பு. இதற்கென்றே பெரிய ஊர்களில் வெள்ளித்தாள் ஒட்டிய பலகை வைத்திருப்பார்கள் என்று ஸ்டூடியோக்காரர் பிற்பாடு சொல்லி அந்த நினைப்பையும் கெடுத்தார்.

அடுத்த முறை போனபோது எல்லாம் திட்டப்படி நடந்தது. சூரியன் பனைமரத்துக்குப் பின்னால். பிள்ளை மரத்துக்கு முன்னால், என்னைப் பார்த்தபடி. அக்கா கேமராவுக்கு அருகே நின்று, காற்றில் சரிந்த துப்பட்டியைச் சரிசெய்வதுபோல் இரண்டு கைகளாலும் அகல விரித்துப் பிடித்தாள். பிள்ளையின் முகம் பளிச்சென்று ஆனதை என் கண்ணாலேயே பார்த்தேன். வானம் எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று நிழலுக்குத் தகுந்தபடி லென்ஸைத் திறந்து வைத்து எடுத்தேன். மாமா சற்றுத் தள்ளி வரப்பில் உட்கார்ந்து, கண்ணை மூடித் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் முடிக்கிற வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை. அவருடைய பக்தியை நான் அன்றைக்கு மெச்சினேன்.

ஒரே நெகட்டிவிலிருந்து இரண்டு பிரதிகள் போட்டேன். ஒன்றைக் கறுக்கக் கறுக்கப் போட்டேன். அதில் அருமையான வானமும் பனைமரமும், அடியில் முகமில்லாத நிழலும் இருந்தன. இன்னொன்றை வெளுப்பாகப் போட்டேன். தொட்டி மருந்தில் காகிதம் கிடக்கும்போது முதலில் பின்னல் வந்தது, அப்புறம் கண்கள், கடைசியில் மூக்கு. சத்தியமாக மச்சானுடைய மூக்குத்தான். இருட்டறையில் தனியாக நின்று சிரித்தேன்.

மாமா கறுப்புப் பிரதியைப் பார்த்து, "வானம் நல்லா விழுந்திருக்கு" என்றார். பினாங்குக்கு வெளுப்பு போனது.

மச்சானின் பதில் வந்தது. படம் கைக்குக் கிடைத்த அன்று தன்னால் கடை திறக்க முடியவில்லை என்றும், ராத்திரியில் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பதாகவும் அக்காவுக்கு எழுதியிருந்தார். அக்கா அதை என்னிடம் படித்துக் காட்டும்போதே அழுதாள். கடிதத்தின் கீழே எனக்கென்று தனியாகச் சில வரிகள் இருந்தன. "வானம் ரொம்ப வெளுத்துப்போச்சு மாப்ள. சூரியன முதுகுக்குப் பின்னால வச்சி எடுக்கணும்னு இங்க ஒரு சீனாக்காரர் சொல்றார். கூடவே குடுத்த தாளப் படிக்கலியா?"

அதற்குப் பிறகு அந்தப் பனைமரத்தடியில் பிள்ளை வளர்ந்தாள். மாமாவின் கட்டில் ஓரத்தில் வானங்கள் சேர்ந்தன, பினாங்கில் முகங்கள் சேர்ந்தன. ஒருவழியாக அந்தப் பினாங்கு முதலாளிக்கு மனம் இரங்கியது. பிள்ளைக்கு ஏழு வயதானபோது மச்சான் லீவில் வந்தார்.

நான் ஸ்டேஷனுக்குப் போய்க் குதிரைவண்டியில் அழைத்துவந்தேன். வண்டியில் வரும்போதே சட்டைப்பையிலிருந்து அவள் படங்களை எடுத்து எடுத்துப் பார்த்தார். மாமா வீட்டுக்கு மேற்கு பார்த்த வாசல். அசருக்குப் பிந்திய வெயில் நேராகக் கூடத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளை புதுப் பாவாடை கட்டிக் கூடத்தில் நின்றிருந்தாள். மச்சான் வாசற்படியில் கால் வைத்ததுமே அவளை அடையாளம் கண்டுகொண்டார். எப்படிக் காணாமல் இருப்பார்? அங்கேயே நின்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

அவள் பின்வாங்கி அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"போம்மா, ஒன் அத்தாதாம்மா" என்றாள் அக்கா.

"மூஞ்சியே தெரியலியேம்மா" என்றாள் பிள்ளை.

எனக்குச் சுரீரென்றது. அவளுடைய முகத்தை அவருக்குக் காட்ட ஒரு குடும்பமே வெயிலோடு மல்லுக்கு நின்றது. அவருடைய முகத்தை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கிருந்து ஒரு படம் அனுப்புங்கள் என்று நான் ஒரு வரி எழுதியிருக்கலாம். நான்தான் நிபுணன் ஆயிற்றே, வானத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கறுப்பு உருவம் கைநீட்டியபடி நின்றது.

மாமா கட்டிலிலிருந்து எழுந்து வந்தார்.

"ஏன்டா வாசல்லயே நிக்கிற? வெயில முதுவுல வச்சிகிட்டு நின்னா மூஞ்சி எப்படித் தெரியும்? உள்ள வந்து இப்படித் திரும்பு. புள்ள நல்லாப் பாக்கட்டும்."

மச்சான் உள்ளே வந்தார். மாமா அவருடைய தோளைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பி நிறுத்தினார். வெயில் கூசி மச்சானின் கண்களில் நீர் வழிந்தது. வெயிலால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். பிள்ளை முந்தானையை விடாமலே அவரை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஒரு கையால் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.