கால்விரலில் கெட்டிமேளம்

அக்காவின் கலியாணத்துக்கு மணவறை, வீடியோ, மேளம் மூன்றுக்கும் நான் ஒரே ஆளைத்தான் பிடித்திருந்தேன். கனடாவில், ஸ்காபரோவில் அப்போது மேளம் கசெற்றிலிருந்துதான் வரும். "எல்லாம் செய்யிறவன் ஒண்டையும் உருப்படியாச் செய்யமாட்டான்" என்று பெரியப்பா மண்டபத்திலும் முணுமுணுத்தார்.

நான் பிடித்த ஆள் மெலிந்த மனிதர், அடர்ந்த மீசை. வேலை தொடங்குமுன் வலதுகால் சப்பாத்தையும் சொக்ஸையும் மட்டும் கழற்றினார். சொக்ஸை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

ஐயர் கையை உயர்த்தி "கெட்டிமேளம்!" என்றார். கமெரா அந்த மனிதரின் தோளில் அசையவேயில்லை. கீழே அவருடைய வலதுகால் பெருவிரல் தரையிலிருந்த கசெற் ரெக்கோடரின் பட்டனை அழுத்தியது. மேளம் முழங்க, மாப்பிள்ளை தாலி கட்டினார். அப்பாடா என்று இருந்தது. பெரியப்பா கையிலிருந்த அரிசியைத் தூவ மறந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாப்பாட்டு நேரத்தில் அந்த வீடியோக்காரரிடம் கேட்டேன்: "உங்கட மெயின் வேலை என்ன அண்ணை?"

"கார்ப் பார்ட்ஸ் ஃபக்ரரி. கிழமை முழுக்க ஒரே ஒரு ஸ்குரூவைத்தான் பூட்டுறன், தம்பி." சொக்ஸைப் போட்டபடி சிரித்தார். "சனி ஞாயிறு வந்தாத்தான் எனக்குக் காலும் இருக்கிறது ஞாபகம் வருது."

இப்போதும் அந்த வீடியோவைப் போட்டால், மேளம் தொடங்கும் இடத்தில், படத்தில் விழாத அந்தக் கால்தான் எனக்குத் தெரிகிறது.