திரைக்குப் பின்னால் நின்ற பிள்ளையார்

என் அக்காவின் மகள் யதுஷிகா காலில் செருப்போடுதான் நித்திரை கொள்வாள். வயது ஏழு. இரண்டாம் வகுப்பு. போர்வையை இழுத்து மூடிவிட்டாலும் பாயின் நுனியில் அந்த இரண்டு றப்பர் செருப்பும் தெரியும். நாங்கள் கழற்றி வைத்தால் எழும்பி இருந்து திரும்பவும் போடுவாள். அழமாட்டாள். ஒன்றும் சொல்லவும் மாட்டாள்.

அடியார்களே, இதை எங்கள் கோயிலின் சதுர்த்தி மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு அலங்காரமாக எழுத வராது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கையெழுத்து வைக்க மட்டும்தான் தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கடந்த தை மாதம். பொங்கல் முடிந்த கையோடு. வவுணதீவுக்கு மேற்கே எங்கள் வயல் வட்டையில் வேளாண்மை முற்றிச் சரிந்து நின்றது. அந்த வயல்களுக்கு யானை வரும் காலம் அதுதான். யதுவின் அப்பா, என் அத்தான், வயல் வாடிக் குடிசையில் இராக் காவலுக்குப் போனார். விடிந்த பிறகு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எந்தக் கோலத்தில் கொண்டுவந்தார்கள் என்பதை நான் எழுதமாட்டேன். ஓடும்போது கழன்று வரம்பில் கிடந்த அவருடைய செருப்பை யாரோ ஒரு பையில் போட்டு வந்து வாசலில் வைத்தார்கள். யது அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவர்கள் எல்லாரும் அழுதுகொண்டிருந்தோம். பிள்ளை எதைப் பார்க்கிறாள் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

அத்தான்தான் என்னைப் படிக்க வைத்தவர் என்று சொல்லலாம். உயர்தரம் படிக்க டவுனுக்குப் போன காலத்தில் என்னைச் சைக்கிளில் ஏற்றிப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் விடுவார். "வாத்தியார், ஏறுங்க. வண்டி வெளிக்கிடப் போகுது" என்று பகிடி பண்ணுவார். பிறகு நான் உண்மையாகவே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியராகச் சேர்ந்தேன். காலைப் பிரார்த்தனை நடத்துவது என் பொறுப்பு.

அந்தப் பள்ளிக்கூடத்தின் கேற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மாடம். அதில் பிள்ளையார். பிள்ளைகள் செருப்பை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு அவருக்கு முன்னால் நிற்பார்கள். நான் தேவாரம் எடுத்துக் கொடுப்பேன். அத்தான் போன பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடினேன். எல்லாரும் பக்தி என்று நினைத்தார்கள். உண்மை அதுவல்ல. என்னால் அந்தத் தும்பிக்கையைப் பார்க்க முடியவில்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து யதுவைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனோம். அவள் செருப்பைக் கழற்றவில்லை.

"கழட்டு புள்ள, சாமி நிக்கிற இடம்" என்றார் ஒரு டீச்சர். அவரில் பிழை இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் சொல்வதைத்தான் சொன்னார். யது அசையாமல் நிற்க, அவர் குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினார். பிள்ளை நின்ற இடத்திலேயே சலம் போய்விட்டாள். வெள்ளைச் சட்டை நனைந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்து ஒரு பொடியன், "யானைக்காரி" என்றான். அன்றைக்கு விழுந்த பெயர் அது.

அதற்குப் பிறகு விடிந்தால் ஓங்காளித்துச் சத்தி. பள்ளிக்கூடச் சட்டையைக் கண்டாலே சத்தி. நெல்மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். சாப்பாடு இறங்காது. முகத்தில் கண் மட்டும்தான் மிச்சம் இருந்தது. பயந்த கோளாறு என்று தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். நூல் கட்டினார்கள். தகப்பன் கூடவே நிற்கிறார் என்று ஒருவர் சொல்ல, அதற்கும் கழிப்புக் கழித்தோம். ஒன்றும் மாறவில்லை.

அத்தானின் தங்கச்சி மாங்கேணியில் இருக்கிறா. "அங்க கொண்டுபோய் விடுவம், வேற பள்ளிக்கூடத்துல படிக்கட்டும்" என்று சொந்தக்காரர் முடிவெடுத்தார்கள். அக்கா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தா. "அவரும் பொயித்தார். இவளையும் அனுப்பிப்போட்டு நான் ஆருக்குக் கா சோறாக்கிற?" என்றா. சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது.

எங்கள் அதிபர் அம்மா என்னைக் கூப்பிட்டு, டவுன் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, பிள்ளையைக் காட்டு என்றா. வீட்டில் சொன்னதும் பெரிய பிரச்சினை. "விசர் ஆஸ்பத்திரிக்கா கொண்டுபோற? நாளைக்கு இந்தப் புள்ளைய ஆர் கட்டுவான்?" என்று பெரியப்பா கேட்டார். ஏழு வயதுப் பிள்ளையின் கலியாணத்தைப் பற்றி யோசித்தவர் அவள் நாளைக்குச் சாப்பிடுவாளா என்று யோசிக்கவில்லை. நான் அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கூட்டிப்போனேன்.

அங்கே இருந்த டொக்டர் ஒரு இளம் பெண். யதுவோடு கன நேரம் கீழே இருந்து படம் கீறினா. பிறகு என்னிடம் சொன்னா: "தம்பி, புள்ளைக்கு விசர் இல்ல, பேயும் இல்ல. பயப்பட வேண்டிய ஒண்டுக்குத்தான் பயப்படுறா. முகத்துக்கு முகம் வெச்சிக் கேள்வி கேக்காதீங்க. பக்கத்துல இருந்து ஏதும் வேலையைப் பாருங்க. அவவா கதைச்சா, குறுக்க கதைக்காதீங்க. செருப்பு போட்டிருக்கட்டும். பள்ளிக்கூடத்துலயும் சொல்லுங்க." தொடர்ந்து கூட்டிவரவும் சொன்னா.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் எனக்குப் பின்னால் இருந்தாள். வலையிறவுப் பாலத்தில் ஏறும்போது என் முதுகோடு கதைத்தாள்.

"மாமா."

"ஓம் மகள்."

"செருப்பு இல்லாட்டி ஓட ஏலா, என்ன?"

டொக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. நான் திரும்பவில்லை. வேகத்தை மட்டும் குறைத்தேன்.

"அப்பா செருப்பு இல்லாமத்தானே ஓடினவர். அதான் புடிச்சிற்று." பிறகு சொன்னாள்: "அந்த யானையார் பள்ளிக்கூடத்துலயும் நிக்கிறாரே மாமா. கேற்றுக்குப் பக்கத்துல. நீங்க அவருக்குப் பாட்டு வேற படிக்கிறீங்க."

பாலம் முடிந்த இடத்தில் வண்டியை நிறுத்தினேன். வாவியில் ஒருவர் தோணியில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. யார் யாரோ வந்து ஓதிப் பார்த்த பிள்ளையின் பயம், நான் சின்ன வயதில் இருந்து கும்பிட்ட முகம். இதை யாரிடம் சொல்வது? பிள்ளையார் மேல் முறைப்பாடு என்றால் எந்த வாசலில் போய் நிற்பது?

அன்று வெள்ளிக்கிழமை. பொழுதுபடுகிற நேரம் எங்கள் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்காகத் திரை போட்டிருந்தார்கள். உள்ளே பூசகரின் கைமணிச் சத்தம் மட்டும். அந்தத் திரைக்கு முன்னால் நின்றபோதுதான், அத்தான் செத்த பிறகு முதல்தடவையாகச் சாமியோடு கதைக்க என் வாய் திறந்தது. காப்பாற்று என்று கேட்கவில்லை. சண்டைதான் போட்டேன். "உங்களத்தானே ஐயா நம்பினம். வயலுக்கு இறங்க முன்னம் உங்களுக்குத்தானே தேங்காய் உடைச்சவர். இப்ப உங்கட முகத்தைக் கண்டு ஒரு பச்சப்புள்ள பயப்படுது. எங்களால ஏலா. நீங்களே ஒரு வழி சொல்லுங்க." இப்படித்தான் கேட்டேன். இதைவிட அழகான சொல் எனக்கு வரவில்லை.

கேட்டுக்கொண்டு நிற்கும்போதே விளங்கியது. முகம் தெரியாததால்தான் என்னால் கதைக்க முடிகிறது. யதுவும் என் முகம் தெரியாததால்தான் கதைத்தாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் மூடின திரையைத்தான் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். சாமி இல்லை என்று ஒருவரும் திரும்பிப் போகவில்லை. பிறகு திரை விலகி விளக்குக் காட்டினார்கள். கண்ணை மூடாமல் பார்த்தேன். அழுகை வந்தது. பயம் வரவில்லை.

அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பிரார்த்தனை நேரம் பிள்ளையாருக்குத் திரை போட வேண்டும் என்று எழும்பிச் சொன்னேன்.

"ஒரு புள்ளைக்காக மத்த எல்லாப் புள்ளைக்கும் சாமிய மறைக்கிறதா?" என்று ஒருவர் கேட்டார். "தெய்வக் குற்றம் வரும். பொறகு அதுக்கு ஆர் பொறுப்பு?" என்றார் இன்னொருவர்.

அப்போது பின்னால் இருந்து ஒரு தாய் எழும்பினா. 'யானைக்காரி' என்று சொன்ன பொடியனின் தாய். "என்ட மகனும் ராவைக்குப் பாய நனைக்கிறான். அந்த நாளையில இருந்துதான். வெளிய சொல்ல வெக்கத்துல சொல்லல்ல" என்றா. இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். யானை கலைக்கக் கொளுத்தும் பட்டாசுச் சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போகும் பிள்ளைகள் வேறும் இருந்தார்கள். அதையெல்லாம் நாங்கள் ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருந்தோம்.

எங்கள் கோயில் வண்ணக்கரும் வந்திருந்தார். கோயில் காரியம் எல்லாம் அவர் சொல்லித்தான் நடக்கும். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "அலங்காரம் முடியுமட்டும் திரைக்கு வெளிய நிண்டு நாம கும்பிடுறல்லயா? அந்தப் புள்ளைக்கு அலங்காரம் இன்னும் முடியல்ல எண்டு வெச்சிக்கங்க. அவ்வளவுதானே கா."

என் பிரார்த்தனைக்குப் பதில் வந்த இடம் அதுதான். வெற்றிலைச் சாறு மணத்தோடு வந்தது.

அக்கா ஒரு பழைய ஊதாச் சேலையை மஞ்சள் தண்ணீரில் தோய்த்துக் கொடுத்தா. யதுவுக்கு ஏணை கட்டிய சேலை. அவள் கைக்குழந்தையாக இருக்கும்போது அதில்தான் ஆட்டி நித்திரையாக்கினோம். மாடத்துக்கு முன்னால் கட்டினோம். முதல்நாள் யது கேற்றுக்கு வெளியே நின்று பார்த்தாள். "அது எங்கட சேலை" என்றாள். உள்ளே வரவில்லை. வா என்று யாரும் சொல்லவுமில்லை. வகுப்பு டீச்சர் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு வைத்தா, செருப்போடு இருக்கலாம், நினைத்த நேரம் எழும்பிப் போகலாம் என்று. ஆஸ்பத்திரிக்கும் விடாமல் போய்வந்தோம். மருந்தைவிடக் கதையும் படமும்தான் அங்கே கூட. சில நாள் வந்தாள். சில நாள் திரும்பவும் சத்தி. இனிச் சரி என்று நினைத்த கிழமையில்தான் பக்கத்து ஊரில் இன்னொருவரை யானை அடித்தது. திரும்பவும் நெல்மூட்டைக்குப் பின்னால் போய்விட்டாள். நாங்கள் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினோம்.

ஆடி மாதம் ஒரு காலை. தேவாரம் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் யது நின்றாள். காலைப் பார்த்தேன். வெறுங்கால். அவளுடைய செருப்பு மற்றப் பிள்ளைகளின் செருப்போடு வரிசையில் கிடந்தது. வாசல் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள், ஓட வேண்டி வந்தால் சுறுக்காப் போட. பரவாயில்லை. கழற்றி வைத்தாளே. நான் அத்தானை நினைத்தேன். தேவாரத்தை இன்னொருதரம் முதலில் இருந்து எடுத்தேன். பிள்ளைகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

இப்போது அவள் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். மாங்கேணிக் கதையை யாரும் எடுப்பதில்லை. வீட்டில் இன்னும் செருப்போடுதான் படுக்கிறாள். யானையும் இன்னும் வருகிறது. அத்தான் வரப்போவதில்லை. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத எனக்கு மனம் வராது. ஆனால் நான் கேட்டது கிடைத்தது. எங்கள் பிள்ளை எங்களோடு இருக்கிறாள்.

அடியார்களே, உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை திடீரென்று பேசாமல் போனால், பள்ளிக்கூடம் என்றால் ஒளித்தால், பேய் என்று முடிவு கட்டாதீர்கள். அடிக்காதீர்கள். முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. உங்களுக்குக் கடவுளில் கோபம் இருந்தால், அந்தக் கோபத்தையும் அவரிடமே கொண்டுபோய்ச் சொல்லுங்கள். நான் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளைக்காகத் தன் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கச் சம்மதித்தார்.

பள்ளிக்கூடத்தில் அந்த ஊதாச் சேலை இன்னும் தொங்குகிறது. சில நாளைக்கு யது அதன் ஓரத்தை விரலால் தொட்டுவிட்டு ஓடி வருகிறாள். விலக்கிப் பார்க்கவில்லை. பார் என்று நாங்களும் சொல்லவில்லை. உள்ளே நிற்பவருக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.