ரோஸ்லின் அக்கா கடையின் பின்னறை

மன்னித்துக்கொள்ளுங்கள். இந்தக் குழுவில் உங்கள் பதிவுகளை எல்லாம் வாசித்துவிட்டு ஒரு லைக்கோடு நகர்ந்துவிடுகிறவள் நான். எழுதிப் பழக்கமில்லை. நாள் முழுக்க அடுத்தவர்களின் ஆன்லைன் விண்ணப்பங்களை டைப் செய்துவிட்டு வந்திருக்கிறேன், கண் எரிகிறது... இருந்தாலும் இதைச் சொல்லிவிட வேண்டும்.

புதுப் புத்தக வாசனை எல்லாருக்கும் பிடிக்கும் என்கிறார்கள். எனக்கு அந்த வாசனை கருவாட்டோடு சேர்ந்துதான் நினைவுக்கு வரும்.

மூணாறு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரோஸ்லின் அக்காவின் புத்தகக் கடை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் எஸ்டேட் பெண்கள் சந்தைக்குப் போவார்கள். வாங்கிய கருவாடு, முட்டைக்கோஸ், சோப்பு எல்லாவற்றையும் அக்காவின் கடையில் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போவார்கள். ஜெபப் புத்தகங்களுக்குக் கீழே கருவாட்டுப் பை. கதைப் புத்தகத் தட்டுக்குக் கீழே யாரோ ஒருத்தியின் புதுச் செருப்பு.

அக்கா யாரையும் ஒன்றும் சொன்னதில்லை.

நான் பத்தாம் வகுப்பு படித்தபோது, ஒரு கல்யாணத்துக்காக மலை இறங்கித் தமிழ்நாட்டுப் பக்கம் போடிக்குப் போன அப்பா எனக்கு ஒரு கைடு வாங்கி வந்தார். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். கைடுக்கு அட்டை போட என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். முகத்தில் அவ்வளவு பெருமை.

அக்கா நாலு பக்கம் புரட்டினார்.

"அண்ணே... மலைக்கு அந்தப் பக்கத்துப் பாடத்த வாங்கிட்டு வந்து, இந்தப் பக்கம் பரீட்சை எழுதச் சொல்லுதீயளே?"

"ரெண்டும் தமிழ்தானம்மா?"

"தமிழ் ஒண்ணுதான்ணே. பாடம் வேற."

அப்பா கைடின் அட்டையைத் துண்டால் துடைத்தபடியே நின்றார். கேரளாவில் தமிழில் படிக்கிற எங்களுக்கென்று அப்போது யாரும் கைடு போடவில்லை. போட்டாலும் எத்தனை பேர் வாங்கப் போகிறோம்?

"ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் புள்ளய இங்க அனுப்புங்க," என்றார் அக்கா.

அந்த ஞாயிறு போனபோது, பின்னறையில் காலண்டர் கட்டுகளின் மேல் உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருந்தாள் ஜெபா அக்கா. மாட்டுப்பட்டி எஸ்டேட் பக்கத்துப் பெண். எனக்கு இரண்டு வருடம் முன்னால் பாஸானவள். பாஸானவர்கள் வந்து உட்கார்ந்து அடுத்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அந்தக் கடையின் வழக்கம். யாரும் ஏற்பாடு செய்ததில்லை. பை எடுக்க அம்மா வரும் வரை எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும்... அதுதான் வகுப்பு நேரம்.

முதல் சில வாரங்கள் நான் வாயே திறக்கவில்லை.

"ஏட்டி, வாய்ல என்ன கொழுக்கட்டையா? தெரியலன்னாவது சொல்லேன்."

"...தெரியல."

"அம்மாடி, பேசிட்டா! ரோஸ்லினக்கா, இவளுக்கு ஒரு டீ சொல்லுங்க!"

அந்த டீக்குப் பிறகுதான் உயிரியல் எனக்குப் புரிய ஆரம்பித்தது.

பாஸானேன். பிறகு அந்தக் காலண்டர் கட்டு என்னுடையதானது, டிகிரிக்கு வெளியூர் போகும் வரை. எங்கள் லயத்தில், அந்த எஸ்டேட் வீட்டு வரிசையில், முதல் டிகிரி என்னுடையது.

இப்போது கடைக்கு இரண்டு பக்கமும் சாக்லேட் கடைகள். ஆட்டோ லயத்து வாசல் வரை போகிறது, பை வைக்க யாரும் வருவதில்லை. ஜெபா அக்கா கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். மற்றவர்களும் ஆளுக்கொரு ஊர்.

போன ஞாயிறு போயிருந்தேன். நோட்டு வாங்க வந்த ஒரு பத்தாம் வகுப்புப் பெண் போனைக் காட்டினாள்.

"இந்த சார் நல்லா நடத்துதாருக்கா. தமிழ்லயே. பாதிப் பாடம் முடிச்சிட்டேன்."

பார்த்தேன். மலைக்கு அந்தப் பக்கத்துப் பாடம்.

ரோஸ்லின் அக்கா என்னைப் பார்த்தார். அது நம் பாடமில்லை என்று நான்தான் சொன்னேன். அந்தப் பிள்ளை போனின் திரையை ஷாலால் துடைத்துக்கொண்டே நின்றது.

அது போன பிறகு அக்கா சொன்னார்: "பின்னறைய சாக்லேட்காரரு குடோனுக்குக் கேக்காரு. கிறிஸ்துமசுக்குள்ள பதில் சொல்லணும். உக்கார ஆள் இருந்தா நான் ஏன் குடுக்கப் போறேன்? எனக்கென்ன உயிரியலா தெரியும்?" கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் அசதியா இருக்கு புள்ள," என்றார்.

எனக்கும் அசதிதான். கிடைக்கிற ஒரே லீவு நாள் ஞாயிறு, அன்றைக்காவது தூங்க வேண்டும் போலிருக்கும். உங்களுக்கும் அப்படித்தான் என்று தெரியும். அதனால்தான் இவ்வளவு நேரம் கேட்காமல் சுற்றி வளைத்தேன்.

அந்தப் பின்னறையில் படித்தவர்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால்... மாதத்தின் முதல் ஞாயிறு நான் வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளையிடமும் சொல்லியாயிற்று. மற்ற ஞாயிறுகளில் ஒன்றை யாராவது எடுத்துக்கொள்வீர்களா? பூசை முடிந்து, பிள்ளைகளை எஸ்டேட்டுக்குத் திருப்பிக் கூட்டிப்போகிற ஜீப் வருகிற நேரம் வரைதான். பேச வராதே என்று தயங்க வேண்டாம், எனக்கே வராது.

வந்து உட்கார்ந்தால் போதும்.