தாடிக்குப் பொருந்தாத மாஸ்க்

மூச்சு விடுவதற்கும் ஒரு பரீட்சை உண்டு என்பது நாற்பதை நெருங்கும் வயதில்தான் எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டவன் நான். மூச்சு விடுவதிலும் கோட்டை விடுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. அந்தப் பரீட்சையை வைத்த பெண்ணுக்கும், அதில் நான் தோற்ற பிறகு ஒரு காரியம் செய்த மனிதருக்கும் சொல்ல வேண்டிய நன்றி நெஞ்சுக்குள்ளேயே கிடக்கிறது. நேரில் சொன்னால் அந்த மனிதர் "போலே" என்று எழுந்து போய்விடுவார். அதனால் எழுதுகிறேன்.

கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டை ஒட்டி நிற்கும் ஒரு பெரிய தானியக் கிட்டங்கியில் எனக்கு வேலை. விளாத்திகுளம் பக்கமிருந்து மிளகாய் வத்தல் வரும். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், கம்பு எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மனுசனுக்கு முன்னால் வண்டு தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மூட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அட்டி அடுக்கி, மேலே தார்ப்பாய் போர்த்தி, ஓரமெல்லாம் மணல் பைகளை வைத்து அடைத்து, உள்ளே பூச்சிமருந்து மாத்திரை வைப்போம். காற்றில் இருக்கிற ஈரம் பட்டதும் மாத்திரை விஷவாயுவாக மாறும். சில நாள் அப்படியே மூடி வைத்தால் வண்டு, அந்து, புழு எல்லாம் காலி. பிறகு தார்ப்பாயைப் பிரித்துக் காற்றாட விட வேண்டும். அந்த நாள்தான் ஆபத்தான நாள். வண்டைக் கொன்ற காற்று, இவன் சம்பளக்காரன் என்று பார்த்து ஒதுங்கிப் போகாது.

மூக்கை மூடுவதில் எங்கள் கிட்டங்கியில் பல ரகம் உண்டு. ஆதி ரகம் துண்டு. வத்தல் மூட்டையை அவிழ்க்கிறபோது துண்டைக் கட்டிக்கொண்டு தும்முகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். துண்டு கட்டியிருக்கிறோம் என்கிற ஆறுதல் மட்டும் கிடைக்கும். அடுத்தது வெள்ளைக் கிண்ணம் மாதிரி முகத்தில் உட்காரும் தூசி மாஸ்க். அது தூசிக்கு மட்டும்தான். விஷவாயு அதற்குள் அதுபாட்டுக்குப் போய் வரும். மருந்து அடிக்கிறவர்களுக்கு மூக்கையும் வாயையும் மூடுகிற ரப்பர் மாஸ்க், இரண்டு கன்னத்திலும் காற்றை வடிகட்டுகிற டப்பா. மாத்திரை வேலைக்கு நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் மூடுகிற முழுமுக மாஸ்க். கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும், முன்னால் இருக்கிற பெரிய டப்பா வழியாக மூச்சு இழுக்க வேண்டும். அதுதான் என்னுடையது.

கடைசி ரகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நாங்கள் அதைக் குல்லா மெஷின் என்போம். இடுப்பில் சின்ன மோட்டார், அதிலிருந்து முதுகு வழியாக ஒரு குழாய், தலைக்கு மேல் தொளதொளவென்று, முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் கண்ணாடி வைத்த ஒரு குல்லா. மோட்டார் காற்றைச் சலித்து மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். தூசி உள்ளே வர முடியாது. வத்தல் சலிக்கிற மெஷினுக்காக அதை வாங்கியிருந்தார்கள். அதை மாட்டியவர் எங்கள் எல்லோருக்கும் மூத்த ஒரு அண்ணாச்சி.

அண்ணாச்சியைச் சொன்னால் முதலில் மீசையைச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் முறுக்கி, கன்னத்தில் பாதி வரைக்கும் போகும் மீசை. லாரி டிரைவர்கள் எங்கள் கிட்டங்கிக்கு வழி கேட்டால் "மீசைக்காரர் இருக்காரே, அந்த இடம்" என்றுதான் கடைக்காரர்கள் சொல்வார்கள். மாத்திரை வேலை முன்பு அவருடையது. முழுமுக மாஸ்க் வந்ததும், ரப்பர் மீசையை நசுக்குகிறது என்று சொல்லி வத்தல் பக்கம் மாறிக்கொண்டார். குல்லா அவர் மீசையைத் தொடாது. அதற்குள் அவர் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பது பிளாஸ்டிக் வழியாக எங்களுக்குத் தெரியும்.

இனி என் தாடி. என் மனைவிக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. இரண்டாவது முறை நாள் தள்ளிப் போய், பெயரெல்லாம் யோசித்து வைத்த பிறகு நடந்தது. மூன்றாவது முறை அவள் உண்டானதும் என் மாமியார் கழுகுமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கிற வரைக்கும் மருமகன் முகத்தில் கத்தி படாது, பிறந்த பிறகு தலைமுடியும் தாடியும் அந்த முருகனுக்கே. என்னைக் கேட்காமலேயே என் முகத்தை முருகனுக்கு எழுதி வைத்துவிட்டார். மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் சவரம் செய்யாதது எங்கள் பக்கம் வழக்கம்தான். நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் சாயங்காலம் வேலை முடிந்து போனால் அவள் என் தாடியைத் தொட்டுப் பார்ப்பாள். தொட்ட பிறகுதான் அவள் முகம் தெளியும். அதற்காக எவ்வளவு அரிப்பையும் தாங்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் மாஸ்க் விற்கிற கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மாஸ்க் அவரவர் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கிறது அவள் வேலை. நாக்கில் பட்டால் கசக்கிற ஒரு மருந்தைக் கொண்டுவந்திருந்தாள். மாஸ்க்கை மாட்டி, தலைக்கு மேல் ஒரு உறையைக் கவிழ்த்து, அதற்குள் மருந்தைப் புகை மாதிரி அடிப்பாள். கசப்பு தெரியாவிட்டால் பாஸ். தெரிந்தால் மாஸ்க்குக்குள் எங்கோ வழி இருக்கிறது என்று அர்த்தம். சும்மா நிற்கவும் விடமாட்டாள். குனி, நிமிர், இடமும் வலமும் திரும்பு, பேசு என்பாள்.

"என்ன பேச?" என்றேன்.

"எதாவது பேசுங்க அண்ணே. உங்க ஊர் பஸ் எங்கெங்க நிக்கும்னு சொல்லுங்க."

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற பஸ்ஸை ஒவ்வொரு நிறுத்தமாக ஓட்டினேன். எட்டயபுரம் வருவதற்குள் நாக்கு கசந்துவிட்டது. வேப்பங்காயைக் கடித்த மாதிரி தொண்டை வரைக்கும் கசப்பு. மாஸ்க்கைக் கழற்றித் துப்பினேன்.

"தாடிதான் காரணம் அண்ணே. ரப்பர் தோல்ல உக்காரணும். முடி நடுவுல நின்னா காத்து அது வழியா உள்ள வந்துரும்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "இந்தத் தாடியோடதான் நான் இத்தன நாளா மாத்திரை அட்டியப் பிரிச்சிட்டு இருக்கேன். நேத்து வந்துட்டு எனக்கே சொல்லுதீங்களா?" என்று கத்தினேன்.

அவள் கோபப்படவில்லை. "பிரிச்ச அன்னைக்குத் தல வலிக்குமாண்ணே? நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குமா?" என்று கேட்டாள்.

வலித்தது. கடைசியாகப் பிரித்த இரண்டு தடவையும் வலித்தது. அந்த விஷவாயுவுக்கே உரிய பூண்டு வாசனை கூட லேசாக வந்தது. வெயில் என்று நினைத்து மோர் குடித்துவிட்டுப் படுத்திருந்தேன். இதைச் சொன்னதும் அவள் கையிலிருந்த மருந்துக் குப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுவேன். பொண்டாட்டி பிள்ளைத்தாச்சியாக இருக்க, நான் தெரியாத்தனமாகப் போய்ச் சேர்ந்திருப்பேன்.

ஆனாலும் எனக்கு வீம்பு விடவில்லை. மத்தியானம் தாடி நிறையத் தேங்காய் எண்ணெயைத் தடவி, அதற்கு மேல் வாசலினை அப்பி, மறுபடி போய் நின்றேன். முடியெல்லாம் படிந்தால் காற்று எங்கே போகும் என்பது என் கணக்கு. அவளும் பொறுமையாக மருந்து அடித்தாள். இந்தத் தடவை பஸ் கோவில்பட்டியைத் தாண்டவே இல்லை. தூசி மாஸ்க்கும் தாடிக்கு ஆகாது, மருந்தடிக்கிற மாஸ்க்கும் ஆகாது, எந்த ரகமானாலும் முகத்தை ஒட்டினால்தான் காவல் என்று சொல்லி முடித்தாள். அண்ணாச்சியின் குல்லா ஒன்றுதான் விதிவிலக்கு. அது முகத்தை ஒட்ட வேண்டிய அவசியம் இல்லாதது. ஆனால் அது தூசிக்குத்தான், மாத்திரைக்கு ஆகாது.

மேனேஜர் கூப்பிட்டு, "ஒண்ணு தாடிய எடுங்க, இல்ல பிள்ள பிறக்குத வரைக்கும் வீட்டுல இருங்க. நான் உங்கள உள்ள அனுப்ப மாட்டேன்" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. தாடியை எடுத்த பிறகு ஏதாவது ஒன்று ஆகிப்போனால், அந்தக் கத்தியைத்தான் அவள் ஆயுசு முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள். நானும்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவள் வழக்கம்போலத் தாடியைத் தொட்டுவிட்டு, "என்ன இவ்வளவு எண்ணெய்?" என்றாள். அரிப்புக்கு என்றேன். வேறு எதுவும் அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். உயிரோடு இருந்தால்தான் அவளிடம் திட்டு வாங்க முடியும். நாங்கள் பஸ் இறங்குகிற இடத்தில் ஒரு சலூன் உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சீக்கிரம் திறந்துவிடுவார்கள். உள்ளே நுழைந்தபோது நாற்காலியில் ஒரு ஆள் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தார். கடைக்காரர் கத்தியைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றார். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தேன். எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு பக்கம் மீசை இருந்தது, ஒரு பக்கம் இல்லை. இருந்த பக்கத்தை வைத்துத்தான் அது அண்ணாச்சி என்று கண்டுபிடித்தேன்.

"இங்கன உனக்கு என்னலே வேல?" என்றார், கண்ணாடியைப் பார்த்தபடியே.

"அண்ணாச்சி, என்ன காரியம் பண்ணுதீங்க?"

"மேனேஜர்ட்ட பேசிட்டேன். மாத்திரை வேலைய நான் பாக்குதேன். நீ குல்லாவ மாட்டிக்கிட்டு வத்தல் பக்கம் போ."

"நான் தாடிய எடுத்துருதேன். அதுக்குத்தான் வந்தேன்."

"வாய மூடு." கடைக்காரரிடம் மிச்சப் பக்கத்தைக் காட்டினார். பிறகு சொன்னார். "ரெண்டு மட்டம் கரு கலைஞ்சப்பவும் உன் வீட்டுக்கு வந்து, அந்தப் பொம்பளப் பிள்ள மொகத்தப் பாத்துட்டு, ஒரு வார்த்த சொல்ல முடியாம டீயக் குடிச்சிட்டு எந்திரிச்சு வந்திருக்கேன். மூணாவது மட்டம் அப்படி வந்து உக்கார எனக்குத் தெம்பு இல்லலே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சலூனில் அழுதால் நன்றாக இருக்காது என்று வெளியே வந்து, பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கே அந்தப் பெண் அவருக்கு மருந்து அடித்துப் பார்த்தாள். கசக்கவே இல்லை. முழுமுக மாஸ்க் அவர் முகத்தில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. என்ன பந்தயத்தில் தோற்றீர்கள் என்று கிட்டங்கியில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்டார்கள். எங்கள் ஊரில் மீசையைப் பந்தயம் வைக்கிறவர்கள் உண்டு, அதை எடுத்தவன் தோற்றவன்தான். அண்ணாச்சி மாஸ்க்கைத் துடைத்துக்கொண்டே வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் சொல்லப் போனபோதும் முறைத்து அடக்கிவிட்டார். லாரி டிரைவர்கள் மீசைக்காரரைத் தேடி அலைந்தார்கள். மாத்திரை அட்டி பிரிக்கிற நாளெல்லாம் காலையில் சவரம் செய்துவிட்டு வந்து, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உள்ளே போவார். நான் வத்தல் மெஷின் பக்கம், குல்லாவுக்குள் குளுகுளுவென்று காற்று வாங்கிக்கொண்டு, தாடியோடு நின்று அவர் நுழைந்த கதவையே பார்ப்பேன். அவர் வெளியே வந்து மாஸ்க்கைக் கழற்றி, கையை ஆட்டிய பிறகுதான் எனக்கு வேலை ஓடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர், அந்த மாதங்களில் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. வந்தால் என் மனைவி மீசை போன காரணம் கேட்பாள், காரணம் தெரிந்தால் விஷவாயு, தலைவலி எல்லாம் வெளியே வரும் என்று அவருக்குத் தெரியும். அவள் விசாரித்தால், தனக்கு வீட்டில் வேலை என்று சொல்லச் சொன்னார். நானும் அப்படியே சொல்லிவைத்தேன்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று நர்ஸம்மா வந்து சொன்னபோது என் மாமியார் அங்கேயே கழுகுமலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். நான் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அன்றைக்கும் மாத்திரை வேலை இருந்தது. முடித்துவிட்டு, கைகால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, மாஸ்க் ரப்பர் அழுத்திய தடம் நெற்றியிலும் கன்னத்திலும் சிவப்பாகத் தெரிய வந்து நின்றார். மேல் உதடு காலையில் சவரம் செய்தபடி வெள்ளையாக இருந்தது.

என் மனைவி அவரைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். எங்கள் பக்கம் மீசைக்காரர் ஒருவர் திடீரென்று மீசையில்லாமல் வந்து நின்றால், வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, யாரு தவறிட்டாவ? எனக்கு ஒருத்தரும் சொல்லலையே" என்றாள்.

அண்ணாச்சி தொட்டிலுக்குள் தூங்கிய பிள்ளையைக் குனிந்து பார்த்தார். பிறகு என் தாடியைப் பார்த்தார். பிறகு அவளிடம் சொன்னார்.

"யாரும் தவறல தாயி. எல்லாரும் இருக்கோம்."