இடப்பக்கத்துத் தோள்

ராஜபாளையம் நூற்பாலை ஒன்றில் முப்பத்து மூன்று ஆண்டுகள் நாலு மாதம் வேலை பார்த்தவர் ஞானராஜ். அந்த இரைச்சல் அவர் காதில் மேல் ஸ்வரங்களைத் தின்றுவிட்டது. மில்லில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியதால் வெளியே யாருக்கும் தெரியாமல் சமாளித்தார். தன் வயலினைத் தாடையெலும்பில் படும் அதிர்வால் அறிந்துகொள்வார். அடுத்தவர் வாசிக்கும் குழலை அப்படி அறிய முடியாதே!

அவர் வாசித்தது முந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஜெர்மன் இசை. ஓபோ என்கிற மரக்குழல் கேட்கும், வயலின் பதில் சொல்லும். ஸ்ரீவில்லிபுத்தூர் தேவாலயத்தில் 2003 முதல் டிசம்பர் இரண்டாம் ஞாயிறுகளில், கொரோனா ஆண்டுகள் இரண்டு நீங்கலாக, பத்தொன்பது முறை வாசித்தார்கள். குழல் வாசித்தவர் பள்ளி ஆசிரியர் அலெக்ஸ். ஞானராஜுக்கு இடப்பக்கம் நிற்பார். மூச்செடுக்கையில் அவர் தோள் இரண்டு அங்குலம் உயரும். அதைப் பார்த்துத்தான் ஞானராஜ் வில்லை இறக்குவார். இது அலெக்ஸ் ஒருவருக்கே தெரியும். 2024 பிப்ரவரி 6 அன்று அலெக்ஸ் இறந்துபோனார்.

இந்தமுறை குழலுக்கு வின்சி வந்தாள். வங்கியில் வேலை, சென்னையில் கற்றவள், சிலைபோல அசையாமல் வாசிப்பாள். ஜன்னல் வெளிச்சத்துக்காக வலப்பக்கம் நின்றாள்.

"அங்கிள், நான் இந்தப் பக்கம்லா நிக்கேன். அங்க யாரப் பாக்கிய?"

"செவத்துல பல்லி."

"பல்லிதான் தாளம் போடுதாக்கும்?"

ஒத்திகை அறை சின்னது, குழல் ஓரளவு காதில் விழுந்தது, எப்படியோ ஒப்பேற்றினார். காது போனது தெரிந்தால் வயலினைக் கீழே வைக்கச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் வாய் திறக்கவில்லை.

டிசம்பர் 8, மாலை 4.40. உயரக் கூரையின்கீழ் இரண்டாம் பகுதி தொடங்கியது. மெதுவான பகுதி. பின்னால் மற்ற வயலின்காரர்கள் தந்திகளை விரலால் மெல்லச் சுண்டிக்கொண்டிருந்தார்கள். குழல் மேலே ஏறியதும் ஞானராஜுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பினார்.

வெற்றிடத்தில் தோள் உயர்ந்தது. வெள்ளைச் சட்டை, அலெக்ஸின் தையல் விட்ட அதே தோள்பட்டை. வில்லை இறக்கினார். இம்மி பிசகவில்லை. இரண்டாவது இடத்திலும் உயர்ந்தது. அதுவும் சரி.

மூன்றாவது இடத்தில் உயரவில்லை. வில் அந்தரத்தில் நின்றது. ஒரு தாளவட்டம் போயிற்று. வின்சி தன் வரியையே மறுபடி வாசித்தாள். அப்போதும் இடப்பக்கம் அசையவில்லை. அவர் பாதியில் குத்துமதிப்பாக நுழைந்து, எப்படியோ பகுதி முடிந்தது.

அடுத்த பகுதிக்கு முன் அரை நிமிட இடைவெளி. முன்வரிசையில் இருமினார்கள். ஞானராஜ் அவள் பக்கம் குனிந்தார்.

"ஏட்டி, எனக்குக் காது கேக்காது. ஒன் கொழல் சுத்தமா கேக்கல."

வின்சி அவரையே பார்த்தாள். "அப்பம் முதல் ரெண்டு தடவ எப்படி அங்கிள்?"

"அதைக் கேக்காத. மூச்செடுக்கும்போது தோளைத் தூக்கு. நல்லாத் தூக்கு."

"கோமாளி மாதிரி இருக்கும்."

"இருந்துட்டுப் போட்டும்."

ஞானராஜ் முழுவதுமாக வலப்பக்கம் திரும்பி நின்றார். கடைசிப் பகுதி வேகமானது. வின்சி வெட்கத்தை விட்டுத் தோளை ஏற்றி இறக்கினாள். ஒரு இடமும் தப்பவில்லை.

ஆனால் அவள் ஒவ்வொரு முறை மூச்செடுத்தபோதும், அவருடைய இடது பிடரியில் மெல்லக் காற்றுப் பட்டது. கடைசி ஸ்வரம் வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.