நின்றுபோன தூரம்

அப்பா செத்து வருஷம் திரும்பியிருந்தது. ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில், வீட்டுக்குப் பின்னால் நாங்கள் குளிக்கிற தட்டி மறைப்புக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது.

"பாப்பா, துண்டு எடுத்துக்கினு வா."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் கையிலிருந்து சட்டி நழுவியது. அப்பா போகிற இடமெல்லாம் பின்னாலேயே போய்ப் பழகிய எங்கள் நாய், வாலை ஆட்டிக்கொண்டு தெருமுனை வரை ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. நான் பயப்படவில்லை. எனக்கு எட்டு வயது. செத்தவர்கள் வரவே மாட்டார்கள் என்று யாரும் எனக்கு உறுதியாகச் சொல்லியிருக்கவில்லை. துண்டோடு ஓடினேன். தட்டிக்கு மேலே நீண்டது வளையல் போட்ட கை. என் அக்காவின் கை.

அக்கா குண்டு எறிகிறவள். ஒலக்கூர் பக்கத்தில் எங்கள் ஊர், பள்ளிக்கூடம் திண்டிவனம், பயிற்சி விழுப்புரத்து மைதானத்தில், ஒரு மாஸ்டரிடம். மாநிலப் போட்டியில் மெடல் வாங்கினால் கோட்டாவில் காலேஜ் சீட்டு, அப்புறம் போலீஸ் வேலை என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் அந்தப் போலீஸ் வேலை நாலாவது ஆளாகவே குடியேறிவிட்டது. அதற்காக அம்மா அடுத்தவர் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய்ந்து, அக்காவுக்கு முட்டை வாங்கிப் போட்டாள். மாஸ்டர் தன் பங்குக்குச் சத்து ஊசி கொடுத்தார். காலிக் குப்பிகள் எனக்கு. ரப்பர் மூடி போட்ட அந்தக் குட்டிக் குப்பிகளில் மஞ்சள் தண்ணீர் கலந்து என் பொம்மைக்குக் காய்ச்சல் மருந்து கொடுப்பேன். பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்காவின் முகமெல்லாம் பரு வந்தது. மேலுதட்டில் கறுப்பாகப் பூனைமயிர் அரும்பியது. உப்பு குறைந்ததற்காகத் தட்டைச் சுவரில் வீசினாள். வீசிய கையை, யாருடையதோ போல, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் மட்டும் நாளுக்கு நாள் இறங்கி, அப்பாவிடம் போய்ச் சேர்ந்து அங்கேயே நின்றுவிட்டது.

அம்மா முதலில் நடுங்கினாள். பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. பொழுது சாய்ந்ததும் விளக்குப் போடாமல் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் இருக்கிற அக்காவிடம் எதையாவது கேட்பாள். மழை வருமா, ஆட்டைக் கட்டியாச்சா என்று. பதில் வரும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அந்த இருட்டில் நானும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பேன். இப்போது நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. அப்போது அதைவிடச் சந்தோஷமான நேரம் எனக்கு இல்லை.

ஒரு நாள் பெரியம்மா வந்து அம்மாவை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"பொண்ணுக்கு மாசக்கணக்கா தூரம் நின்னு பூட்சி, நீ இன்னாடி சும்மா குந்திக்கினு கீற? ஜல்தியா டாக்டராண்ட இட்டுக்கினு போ."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தூரம் நிற்பதாவது! போன வாரம்தான் அக்காவின் குண்டு சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்திருந்தது. "பெரிம்மா பொய் சொல்லுது. அக்காவுக்குத் தூரம் ஏறிக்கினுதான் போவுது" என்றேன். அம்மா என் வாயிலேயே ஒன்று போட்டாள். பொம்பளைகளுக்கு மாதாமாதம் ஒரு தூரம் உண்டு என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் இரண்டு. ஆஸ்பத்திரியில் கொடுப்பது ஒன்று. வேண்டாதவர்கள் சோற்றில் கலந்து வைத்துவிடுவது இன்னொன்று. அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளையே மாற்றிவிடும், அதை எடுப்பதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். அம்மாவுக்கு இரண்டாவதுதான் தோன்றியது. முதலில் கண்டுபிடித்தவள் பெரியம்மா என்பதால் வைத்தவளும் அவள்தான் என்று முடிவு கட்டினாள். மாஸ்டர் அதைக் கேட்டுத் தாராளமாகத் தலையாட்டினார்.

"ஆஸ்பத்திரிலாம் வாணாங்கம்மா. அங்க இன்னா மாத்திரை குடுப்பாங்களோ, போட்டிக்கு முன்னாடி எடுக்கற டெஸ்ட்ல மாட்டிக்கினா பேஜாராய்டும். மொதல்ல இத்த எடுத்துட்டு வந்துருங்க."

மண்டகப்பட்டுப் பக்கம் மருந்தெடுக்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். விடிகாலையில் வெறும் வயிற்றோடு போனோம். துணைக்கு மாஸ்டர் பைக்கில் வந்தார். அந்த அம்மா அக்காவைப் பாயில் படுக்க வைத்து, தொப்புளில் சின்னக் குழாயை வைத்து உறிஞ்சி, வாழையிலையில் துப்பினாள். மயிர் சுற்றிய கறுப்புக் கட்டி ஒன்று விழுந்தது. அதற்குள் அப்பா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன். அவரையும் சேர்த்து எடுத்துவிட்டார்களோ என்று தோன்றியது.

"யாரு கையால வாங்கின? சொல்லு" என்று அந்த அம்மா கேட்டாள்.

அக்காவின் கண் மெதுவாகத் திரும்பி, வாசற்படியில் நின்றுகொண்டிருந்த மாஸ்டர் மேல் போய் நின்றது. அவர் சிரித்த முகமாக, "சொல்லும்மா, பயப்படாத" என்றார். அக்கா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அம்மாதான் முந்திக்கொண்டு பெரியம்மாவின் பேரைச் சொன்னாள்.

மாநிலப் போட்டிக்கு முன்பே கண்ணெல்லாம் மஞ்சளாகி அக்கா மைதானத்தில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில், என் பொம்மையின் மருந்துக் குப்பி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் டாக்டரம்மா அம்மாவுக்கு விளக்கினார். ஆம்பளை உடம்பில் ஊறுகிற சுரப்பை ஊசியில் ஏற்றியிருக்கிறார்கள், ஈரல் கெட்டிருக்கிறது, பிழைத்ததே பெரிது என்றார். மாஸ்டர் அப்புறம் போனை எடுக்கவேயில்லை. அம்மா பெரியம்மா வீட்டுப் படியேறி, அவள் காலடியில் உட்கார்ந்து அழுதாள். நின்றுபோன தூரம் வருஷக்கணக்கான வைத்தியத்துக்குப் பிறகு அக்காவுக்குத் திரும்பியது. குண்டு எறிகிற தூரம் அன்றோடு சரி. குரல் திரும்பவேயில்லை. திண்டிவனத்தில் ஒரு கடையில் இப்போது வேலை பார்க்கிறாள். போனில் பேசுகிறவர்கள் "சார்" என்கிறார்கள். அவள் திருத்துவதில்லை.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவில் வருவது ஆஸ்பத்திரி அல்ல. மருந்தெடுத்துவிட்டுத் திரும்பிய அன்று, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஊர் பஸ்ஸின் ஜன்னல் ஓரத்தில் அக்காவும் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தோம். காலையிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அப்பா போய்விட்டாரா, இருக்கிறாரா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சினேன். அவளும் பயந்துகொண்டேதான் வாயைத் திறந்தாள்.

"பாப்பா."

அப்படியே அப்பா. எனக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. ரோடு சரியில்லை, பஸ் குலுங்குகிறது என்று நினைத்துக்கொண்டு சுகமாகத் தூங்கிப்போனேன். பஸ் அப்போது கிளம்பவேயில்லை.